மூளையை உசுப்பினால் கை எழுமா?

67, 65. பக்கவாத மறுவாழ்வு மருத்துவத்தின் பெரிய நம்பிக்கையொன்று இந்த இரண்டு எண்களில் வந்து முட்டி நின்றது. அமெரிக்காவின் 12 மையங்களில் 199 நோயாளிகளை வைத்து நடந்த ‘நீஷ்’ சோதனையின் முடிவு 2018இல் வெளியானது. பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆனவர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு குழுவினருக்கு, சேதமடையாத பக்கத்து மூளையில் கையை இயக்கும் பகுதியைக் காந்தத் துடிப்புகளால் ஆறு வாரங்களில் 18 முறை அடக்கிவைத்தார்கள். மற்றக் குழுவுக்கும் அதே நாற்காலி, அதே ‘டக் டக்’ சத்தம். ஆனால் வெறும் பாவனை. இரு தரப்புக்கும் ஒரே கைப்பயிற்சி. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்துக் கையை அளந்தபோது, சொல்லத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் காந்தம் பெற்றவர்களில் 67 சதவீதம். பாவனை பெற்றவர்களில் 65.

தோல்வி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். அது நியாயமாகாது. பக்கவாதம் வந்து மாதக்கணக்கில் ஆன பிறகும் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகள் தேறியிருக்கிறார்கள் என்பதும் அதே முடிவில்தான் இருக்கிறது. அந்தத் தேறுதலில் காந்தத்துக்குப் பங்கு இருந்ததாகக் காட்ட முடியவில்லை, அவ்வளவே. மூளையின் கிளர்வுநிலையைக் கூட்டியோ குறைத்தோ செயலிழந்த கையை மீட்டுவிடலாம் என்ற வாதம் எதன் மேல் கட்டப்பட்டது, எங்கே விரிசல் விட்டது, இன்று அதில் மிச்சம் என்ன என்று பார்ப்பதுதான் முறை. மனச்சோர்வுக்காக வாங்கிய காந்த இயந்திரத்தைப் பக்கவாதத்துக்கும் சேர்த்து விளம்பரப்படுத்தும் மருத்துவ மையங்கள் பெருகிவரும் காலத்தில் இது ஆய்வுக்கூடத்துக்குள் முடிகிற கேள்வியும் அல்ல.

கிளர்வுநிலை என்பது எவ்வளவு சிறிய தூண்டலுக்கு மூளைப் புறணி எழுந்து பதில் சொல்கிறது என்பதன் அளவு. மண்டையோட்டைத் திறக்காமல் அதை அளக்க முடியும் என்று 1980இல் லண்டனில் மெர்ட்டனும் மார்ட்டனும் காட்டினார்கள். தலைத்தோலின் வழியாக மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். கை துடித்தது, கூடவே நன்றாக வலித்தது. 1985இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் மின்சாரத்துக்குப் பதிலாகக் காந்தப் புலத்தைக் கையாண்டு வலியைப் போக்கினார்கள். டி.எம்.எஸ். என்று இன்று வழங்கும் கருவி அங்கிருந்துதான் வருகிறது.

அளவெடுப்பு எளிமையாகத்தான் இருக்கும். எட்டு வடிவத்தில் சுற்றிய கம்பிச்சுருள் ஒன்றைத் தலையில் வைத்து அழுத்துகிறார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புடைத்து நிற்கும் தசையின் மேல் மின்வாய் ஒட்டியிருக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம், விரலில் ஒரு சின்னத் துள்ளல், திரையில் ஓர் அலை. பத்துத் துடிப்புக்கு ஐந்து முறையாவது 50 மைக்ரோவோல்ட் உயரத்துக்கு அலை எழ வேண்டும். அதற்குத் தேவைப்படும் மிகக் குறைந்த காந்த வலிமைதான் அந்த மூளையின் ‘இயக்க வாசல்’. பக்கவாதம் தாக்கிய பக்கத்தில் வாசல் உயர்ந்திருக்கும். கருவியை உச்சத்துக்குக் கொண்டுபோனாலும் அலையே வராத நோயாளிகளும் உண்டு.

இந்த அலை மூளையின் தனிக் குரல் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புறணியில் கிளம்பிய சைகை மூளைத்தண்டைக் கடந்து, தண்டுவடத்தில் இறங்கி, அங்குள்ள இயக்க நரம்பணுவைத் தட்டி எழுப்பி, தசைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கிடைக்கும் மொத்தக் கணக்கு அது. வழியில் எங்கே அறுந்திருந்தாலும் திரையில் அலை சிறுத்துத்தான் தெரியும். இதை மறந்துவிட்டு ‘புறணி சோம்பிவிட்டது, உசுப்ப வேண்டும்’ என்று படித்ததில்தான் பின்னால் வந்த குழப்பத்தில் பாதி பிறந்தது என்பது என் கணிப்பு.

அடுத்த அடி 1992இல். மூளையின் ஒரு பக்கத்தை முதலில் தூண்டி, ஏறத்தாழ 10 மில்லிநொடி கழித்து மறுபக்கத்தைத் தூண்டினால் இரண்டாவது அலை சிறுத்துப்போவதை ஃபெர்பெர்ட்டும் சகாக்களும் காட்டினார்கள். இரு அரைக்கோளங்களும் நடுவிலிருக்கும் நரம்புப் பாலத்தின் வழியாக ஒன்றையொன்று அடக்கிவைத்திருக்கின்றன. 2004இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் முராசே, லியோனார்டோ கோஹன் குழுவினர் இதையே பக்கவாத நோயாளிகளிடம் பார்த்தார்கள். விரலை அசைக்கத் தயாராகும் அந்தக் கணத்தில், நலமாக உள்ளவர்களிடம் மறுபக்கத்தின் அடக்கல் விலகி, ஒத்தாசையாகவே மாறிவிடுகிறது. நோயாளிகளிடம் அது விலகவில்லை. எவ்வளவுக்கு விலகாமல் நின்றதோ அவ்வளவுக்கு அவர்களது விரல் மெதுவாக அசைந்தது.

தராசுக் கோட்பாடு உருவாகிவிட்டது. அடிபட்ட தட்டு மேலே போய்விட்டது. நலமான தட்டு கனத்துக் கீழே இறங்கி அதை மேலும் நசுக்குகிறது. ஆகவே சிகிச்சை இரண்டே: நலமான பக்கத்தை அடக்கு, அல்லது அடிபட்ட பக்கத்தை உசுப்பு. கருவிகளும் கையோடு தயாராக இருந்தன. நொடிக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான வேகம் புறணியை அடக்கும் என்பதற்கு 1997இலேயே சான்று வந்திருந்தது. வேகமான துடிப்புகள் உசுப்பும். 2000இல் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பவுலுஸும் 1 மில்லியாம்பியர் மெல்லிய மின்னோட்டத்தை இந்தத் திசையில் செலுத்தினால் கூடுகிறது, அந்தத் திசையில் செலுத்தினால் குறைகிறது என்று காட்டியிருந்தார்கள். 2005 ஒரே ஆண்டில் ஜப்பானில் தாகேயுச்சி 20 பேரிடம் நலமான பக்கத்தை அடக்கியும், எகிப்தின் அசியூத்தில் கேதர் 52 பேரிடம் அடிபட்ட பக்கத்தைத் தூண்டியும், ஹம்மெல் 6 பேரிடம் மின்னோட்டம் செலுத்தியும் நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள்.

இதை நம்பியவர்களை ஏளனம் செய்ய முடியாது. கிளர்வுநிலைக்கும் மீட்சிக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு வேறு திசையிலிருந்தும் அழுத்தமான சான்று இருந்தது. பக்கவாதத்திலிருந்து தேறிய சிலருக்கு நியூயார்க்கில் லசாரும் சகாக்களும் மிடசோலம் என்ற மயக்க மருந்தைச் சிறிதளவு கொடுத்துப் பார்த்தார்கள். அது ‘காபா’ என்ற அடக்கும் வேதிப்பொருளின் வேலையைப் பெருக்குவது. போய்விட்டதாக நினைத்திருந்த பலவீனம் அதே பக்கத்தில் தற்காலிகமாகத் திரும்பி வந்தது. மருந்து இறங்கியதும் மறைந்தது. 2002இல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்தவர் யாராக இருந்தாலும், மீட்சி என்பது அடக்கலுக்கும் கிளர்வுக்கும் இடையே ஒரு மெல்லிய கோட்டில் நிற்கிறது என்றுதான் முடிவுகட்டியிருப்பார்.

ஆனால் 2004 கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். நோயாளிகள் ஒன்பதே பேர். எல்லோரும் பக்கவாதம் வந்து நெடுநாள் ஆனவர்கள். ஒவ்வொருவரையும் ஒரே கட்டத்தில் அளந்திருக்கிறார்கள். கை பலவீனமாக இருப்பதால் அடக்கல் விலகவில்லையா, அடக்கல் விலகாததால் கை பலவீனமா என்று அந்த வடிவமைப்பில் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. கட்டுரையாசிரியர்கள் கவனமாகத்தான் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் தொடர்பைக் காரணமாக்கிவிட்டார்கள். காரணம் என்றால் விளைவுக்கு முன்பே அது இருந்திருக்க வேண்டும். அதைச் சோதிக்க நோயாளியைத் தொடக்க வாரங்களிலிருந்தே பின்தொடர வேண்டும்.

அந்த வேலை நடந்து முடிய 2019 ஆயிற்று. ஜிங் ஷூ, பாப்லோ செல்னிக், ஜான் கிராகவர் உள்ளிட்ட குழு 22 நோயாளிகளைத் தொடக்கக் கட்டத்திலிருந்து ஓராண்டு அளவில் திரும்பத் திரும்ப அளந்தது. தராசுக் கோட்பாடு சரியென்றால், கை மிகவும் முடங்கிக் கிடக்கும் முதல் வாரங்களில் சாய்வு அதிகமாக இருக்க வேண்டும்; கை தேறத் தேறச் சாய்வு சீராக வேண்டும். நடந்தது நேர்மாறு. தொடக்கத்தில், அசைவுக்கு முந்திய அடக்கல் நலமானவர்களைப் போலவே இயல்பாக விலகியது. மாதங்கள் போகப் போக, கை தேறிக்கொண்டே வந்தபோதுதான், அது கோணலானது. கை முடங்கியிருந்தபோது இல்லாத ஒன்று கை முடங்கியதற்குக் காரணமாக இருக்க முடியாது. இந்த ஒரு கட்டுரையைக் கோட்பாட்டின் முதுகெலும்பில் விழுந்த அடி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இது தனிக் குரலும் அல்ல. அதுவரை வந்த டி.எம்.எஸ். அளவீடுகளையெல்லாம் 2017இல் திரட்டித் தொகுத்த மெக்டொனலும் ஸ்டினியரும் கண்டதும் இதை ஒட்டியே இருந்தது: அடிபட்ட பக்கத்தின் கிளர்வுநிலை குறைந்திருப்பது உண்மை, நலமான பக்கம் வரம்பு மீறிக் கிளர்ந்திருக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. கனத்த தட்டு என்று ஒன்று இல்லாவிட்டால் எதைத் தூக்கி எறிவது? சேதம் பெரிதாக உள்ளவர்களுக்கு நலமான பக்கமே கைகொடுக்கவும் கூடும், அதை அடக்குவது கெடுதலாகலாம் என்று டி பினோவும் சகாக்களும் 2014இலேயே எச்சரித்திருந்தார்கள். அடிபட்ட பக்கத்தில் எவ்வளவு பாதை மிச்சம் என்பதைப் பொறுத்தே நலமான பக்கத்தின் பங்கு நல்லதா கெட்டதா என்பது மாறும் என்பது அவர்கள் முன்வைத்த மாதிரி. தராசை விட இது சிக்கலான படம். அதனால்தானோ என்னவோ, விற்பனைக்கு உதவாத படம்.

கோட்பாடு போகட்டும், கருவியாவது சொன்னபடி கேட்கிறதா? அதிலும் சந்தேகம். 40 நொடியில் 600 துடிப்புகளைக் கொத்துக் கொத்தாகச் செலுத்தும் தீட்டா முறை 2005இல் அறிமுகமானபோது ஆய்வுக்கூடங்களில் கொண்டாட்டம். 2013இல் ஹமாடா குழுவினர் நலமான ஐம்பதுக்கும் மேற்பட்டோரிடம் அதைச் சோதித்தார்கள். சராசரி விளைவு ஏதும் இல்லை. அடக்க வேண்டிய முறை சிலரை உசுப்பியது, உசுப்ப வேண்டியது சிலரை அடக்கியது. நலமான, இளவயதுப் புறணியிலேயே இப்படியென்றால், ஒரு பகுதி செத்து, சுற்றியுள்ள நரம்பு இணைப்புகள் எல்லாம் குலைந்து, நாலைந்து மாத்திரைகளும் உள்ளே போய்க்கொண்டிருக்கும் அறுபது எழுபது வயது மூளையில் ‘நொடிக்கு ஒன்று என்றால் அடங்கும்’ என்று உறுதியாகச் சொல்ல எதை வைத்து முடியும்?

இனி பெரிய சோதனைகளுக்கு வருவோம். நீஷ் தோற்றதும் ஒரு சமாதானம் சொன்னார்கள்: பாவனைச் சுருளே கொஞ்சம் வேலை செய்துவிட்டதோ என்னவோ, அதனால்தான் அந்தக் குழுவும் தேறியது என்று. கேட்க நொண்டிச்சாக்குப் போலிருந்தாலும் முறையான சந்தேகம்தான். எனவே வேறு பாவனைச் சுருளோடு ‘ஈ-ஃபிட்’ என்று இன்னொரு சோதனை நடத்தினார்கள். 2023இல் முடிவு வந்தது. அதிலும் வித்தியாசம் தேறவில்லை. சமாதானத்தைச் சோதனைக்கு விட்டார்கள் என்பதற்காக அந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும்; அறிவியலில் எல்லோரும் இதைச் செய்வதில்லை.

மண்டையைத் திறந்து நேரடியாக உசுப்பியவர்களும் உண்டு. சியாட்டிலின் நார்த்ஸ்டார் நியூரோசயன்ஸ் நிறுவனம் மூளையின் மேலுறைமீது மின்வாய்த் தகடு பொருத்தி, பயிற்சி நேரத்தில் மின்னோட்டம் கொடுத்தது. எவரெஸ்ட் என்று பெயர், 164 நோயாளிகள். முன்பே வகுத்துவைத்த இலக்கைச் சிகிச்சைக்குப் பின் நான்காவது வாரத்தில் எட்டியவர்கள் தகடு வைத்தவர்களில் 32 சதவீதம், வெறும் பயிற்சி பெற்றவர்களில் 29. 2008 தொடக்கத்தில் செய்தி வந்தது. நிறுவனம் அடுத்த ஆண்டே மூடிக்கொண்டது. 24 வாரத்தில் தகடு வைத்தவர்களுக்குச் சாதகமான ஒரு வேறுபாடு தெரிந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் முதன்மை இலக்கு விழுந்த பிறகு பொறுக்கியெடுத்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பது இத்துறையில் பழகியவர்களுக்குத் தெரியும். பாவனைத் தகடு என்று எதுவும் அதில் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எவரெஸ்ட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. குரங்குகளில் முன்னோடிச் சோதனை செய்தவர்கள், தூண்டினால் கை அசையும் இடத்தைத் தேடிப்பிடித்து அங்கே மின்வாயை வைத்தார்கள். எவரெஸ்ட் நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தகட்டில் மின்சாரம் பாய்ந்தும் கை அசையவில்லை. பின்னர் 2011இல் நூரியும் ஸ்டீவன் கிரேமரும் தரவைக் குடைந்தபோது, தூண்டலுக்குக் கை அசைந்த அந்தச் சிறுபான்மையும், புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை மிச்சமிருந்தவர்களுமே நன்றாகப் பயன்பெற்றிருந்தார்கள். பாதை அறுந்திருந்தால் மேலே எவ்வளவு உசுப்பினாலும் கீழே போய்ச் சேராது என்பதை 164 பேரின் செலவில் கற்க வேண்டியதில்லை. திரையில் அலை வராதபோதே அது தெரிந்திருந்தது.

மின்னோட்ட முறையின் கதையும் இதே தடத்தில்தான் போனது. 129 பேரிடம் 2 மில்லியாம்பியர், 4 மில்லியாம்பியர், பாவனை என மூன்றாகப் பிரித்து நடந்த ‘டிரான்ஸ்போர்ட் 2’ சோதனையின் முடிவு 2025இல் வந்தது. மூன்று குழுவுக்கும் நல்ல கையைக் கட்டிவைத்து முடங்கிய கையைப் பழக்கும் தீவிரப் பயிற்சி. மின்னோட்டத்தின் அளவைக் கூட்டியதால் கூடுதல் மீட்சி கிடைக்கவில்லை.

காந்தமும் மின்சாரமும் மொட்டையான கருவிகள், மருந்தால் நுட்பமாகச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். கேட்டார்கள். இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வே அங்கேதான் இருக்கிறது. 2010இல் கலிஃபோர்னியாவில் கிளார்க்சன், தாமஸ் கார்மைக்கேல் குழுவினர் எலிகளில் கண்டது இது: பக்கவாதத்துக்குப் பிறகு, செத்த பகுதியைச் சுற்றியுள்ள நரம்பணுக்களில் காபாவின் இடைவிடாத அடக்கல் கூடிவிடுகிறது. அதைக் குறைக்கும் மருந்தை மூன்றாம் நாளிலிருந்து கொடுத்தால் எலியின் கால்கள் விரைவில் தேறுகின்றன. அதே மருந்தைப் பக்கவாதம் வந்த உடனே கொடுத்தால் செத்த பகுதி இன்னும் பெரிதாகிறது. முதல் மணிநேரங்களில் நரம்பணுவைச் சாவிலிருந்து காப்பாற்றும் அதே அடக்கல், மூன்று நாள் கழித்து அதை மீளவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. தராசில் இல்லாத ஒரு பரிமாணம் இதில் உண்டு: காலம். கூடுதலா குறைவா என்ற கேள்விக்கு ‘எந்த நாளில்?’ என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

எலியில் அவ்வளவு துல்லியமாக வந்ததை மனிதரிடம் கொண்டுபோனது ‘ரெஸ்டோர் பிரெய்ன்’ சோதனை. அதே காபா ஏற்பியைத் தடுக்கும் மருந்து, பக்கவாதம் வந்து 3 முதல் 8 நாளுக்குள் தொடக்கம், 585 நோயாளிகள், 90 நாள். 2020இல் முடிவு: மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு இல்லை.

புரோசாக் என்று பெயர்பெற்ற ஃபுளுவாக்செடினின் கதை இன்னும் பெரிது. 2001இல் துலூஸ் நகரில், ஒரே ஒரு வேளை மருந்தில் நோயாளிகளின் இயக்கப் புறணி கூடுதலாக ஒளிர்வதை ஸ்கேனில் பார்த்தார்கள். 2011இல் அதே நகரின் ஷோலே தலைமையில் நடந்த ‘ஃபிளேம்’ சோதனையில் 118 பேர்: 100 புள்ளி அளவுகோலில் மருந்து பெற்றவர்கள் 34 புள்ளி ஏறினார்கள், மற்றவர்கள் 24.3. உலகம் முழுக்க மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு பிரிட்டனில் 3127 பேர், ஸ்வீடனில் 1500 பேர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வியட்நாமில் சேர்த்து 1280 பேர் என மூன்று சோதனைகள். மூன்றிலும் அன்றாட வாழ்வில் சுயமாக இயங்கும் திறன் கூடவில்லை. கூடியது எலும்பு முறிவு: பிரிட்டன் சோதனையில் 1.47 சதவீதத்திலிருந்து 2.88 ஆனது. ஃபிளேமை விட்டுக்கொடுக்காதவர்களின் மறுப்பு ஒன்று இருக்கிறது. அது கை கால் அசைவை நுணுக்கமாக அளந்தது, பெரிய சோதனைகளோ அன்றாடச் செயல்பாட்டை மட்டும் ஒரு கரடான அளவுகோலில் அளந்தன என்பார்கள். பாதி நியாயம். ஆனால் ஒரு மருந்து கையை மீட்டும், அந்தக் கையால் நோயாளியின் அன்றாடம் ஒரு படிகூட மாறவில்லையென்றால், ஏறிய புள்ளிகளை வைத்துக்கொண்டு நோயாளி என்ன செய்வார்?

எதிர்த்தரப்பில் இரண்டு சான்றுகள் இருக்கின்றன. இரண்டுமே லேசில் தள்ளக்கூடியவை அல்ல.

முதலாவது, 2021இல் வெளியான வேகஸ் நரம்புத் தூண்டல் சோதனை. பிரிட்டன், அமெரிக்காவின் 19 மையங்களில் 108 பேர். பக்கவாதம் வந்து 9 மாதம் முதல் 10 ஆண்டு வரை ஆனவர்கள். எல்லோருக்கும் கருவி பொருத்தினார்கள், பாதிப்பேருக்குத்தான் இயக்கினார்கள். நோயாளி கையை நீட்டும், பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர் ஒரு பொத்தானை அழுத்த, அரை நொடி தூண்டல். ஆறு வாரத்தில், 66 புள்ளி உள்ள ஃபூகல்-மேயர் அளவுகோலில் 5 புள்ளி உயர்வு, மற்றவர்களுக்கு 2.4. அதே ஆண்டு அமெரிக்க அரசு அனுமதியும் கிடைத்தது. இதைக் கிளர்வுநிலை வாதத்தின் வெற்றி என்று சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. நான் சேர்க்கமாட்டேன். நோயாளியை உட்காரவைத்து மூளையை மொத்தமாக உசுப்பிவிட்டுப் பிறகு பயிற்சிக்கு அனுப்பும் முறை அல்ல இது. அசைவு நிகழும் அதே கணத்தில் ‘இதைக் குறித்துக்கொள்’ என்று மூளைக்குச் சொல்லும் முறை. வெற்றி நேரப் பொருத்தத்தினுடையது. உசுப்பலின் அளவினுடையது அல்ல. தவிர, அறுவை சிகிச்சைக்கும் கருவிக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் 2.6 புள்ளி வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பது அவரவர் சட்டைப்பையைப் பொறுத்தது.

இரண்டாவதுதான் என்னை உண்மையில் தயங்கவைக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்டில் ஃபிங்க் குழுவினர் நடத்திய ‘பி-ஸ்டார்ஸ்’. பக்கவாதம் வந்து மூன்று வாரத்துக்குள் தொடக்கம், 60 நோயாளிகள், நலமான பக்கத்தை அடக்கும் தீட்டா முறை, இரண்டு வாரத்தில் பத்து அமர்வு. மூன்று மாதம் கழித்து, 57 புள்ளி உள்ள கைத்திறன் அளவுகோலில் பாவனைக் குழுவை விட 9.6 புள்ளி கூடுதல் மீட்சி. கண்ணாடிக் குவளையை எடுக்க முடியாதவருக்கும் எடுக்க முடிகிறவருக்கும் உள்ள தூரம் அதில் அடங்கிவிடலாம். எந்தப் பக்கத்தில் சாய்வே இல்லை என்று ஷூவின் ஆய்வு காட்டியதோ, எந்தக் கட்டத்தில் சாய்வு இல்லை என்றதோ, அதே பக்கத்தில் அதே கட்டத்தில் பலன்!

இந்த முரணை எப்படிப் புரிந்துகொள்வது? ஒன்று, 60 பேர், ஒரே மையம். ஃபிளேமும் 118 பேரோடு இதைவிடப் பளபளப்பாகத்தான் தொடங்கியது. இன்னொன்று, அடக்கல் வேலை செய்திருக்கலாம், தராசுக் கோட்பாடு சொல்லும் காரணத்துக்காக இல்லாமல். முதல் வாரங்களில் மூளை தன் இணைப்புகளைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும். அப்போது எந்தத் திசையில் தட்டினாலும் அந்தத் திருத்தத்தில் அது கலந்துகொள்ளக்கூடும். நேரம் முக்கியம் என்பதற்கு வேறு சான்றும் உண்டு: 2021இல் டிரோமெரிக் நடத்திய சோதனையில் 72 பேருக்கு 20 மணிநேரக் கூடுதல் பயிற்சியை வெவ்வேறு காலக்கட்டத்தில் கொடுத்தபோது, இரண்டு மூன்று மாதத்தில் பெற்றவர்களே அதிகம் தேறினார்கள், ஆறு மாதம் தாண்டிப் பெற்றவர்களுக்கு அதே பயிற்சி அவ்வளவாக எடுபடவில்லை. நீஷ், ஈ-ஃபிட், டிரான்ஸ்போர்ட் 2 ஆகியவற்றையும் பி-ஸ்டார்ஸையும் பிரிக்கும் கோடு அனேகமாக இதுதான்.

கிளர்வுநிலை அளவீடு மறுக்க முடியாமல் வென்ற இடம் ஒன்று உண்டு. அங்கே அது எதையும் மாற்ற முயல்வதில்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் 2017இல் வெளியிட்ட ‘பிரெப்-2’ முறையைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் நோயாளியிடம் தோளை விரிக்கச் சொல்கிறார்கள், விரலை நீட்டச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல் என்றால் கை நன்றாகத் தேறும், கருவியே தேவையில்லை. அதற்குக் கீழே என்றால்தான் ஒரு வாரத்துக்குள் டி.எம்.எஸ். அலை வருகிறதா என்று பார்க்கிறார்கள். வந்தால், இன்று கட்டிலில் துவண்டு கிடக்கும் அந்தக் கைக்கும் பாதை மிச்சமிருக்கிறது. மூன்று மாதத்தில் பயன்படும் அளவுக்குத் தேற வாய்ப்பு அதிகம். வராவிட்டால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு மறுகையைப் பழக்குவது நல்லது. நாலில் மூன்று பேருக்கு இந்தக் கணிப்பு பலிக்கிறது. இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. சாட்சி சொல்லத் தகுதியானதைக் கூண்டிலிருந்து இறக்கி நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்ததுதான் கோளாறு.

பயிற்சியின் பக்கம் ஒரு வார்த்தை. தூண்டல் சோதனைகளின் இரு குழுவுக்கும் பொதுவாக இருந்தது அதுவே. வழக்கமான பிசியோதெரபி அமர்வுகளில் கை எத்தனை முறை ஒரு வேலையைச் செய்து பழகுகிறது என்று அமெரிக்காவில் கேத்தரின் லாங் குழு 2009இல் உட்கார்ந்து எண்ணியது: சராசரி 32. விலங்குச் சோதனைகளில் மீட்சிக்குத் தேவைப்பட்டவையோ சில நூறு. லண்டன் குயீன் ஸ்குயர் மருத்துவமனையில் நிக் வார்டு குழுவினர் மூன்று வாரத்தில் 90 மணிநேரம் கொடுத்தபோது, நாள்பட்ட நோயாளிகளே ஃபூகல்-மேயரில் 9 புள்ளி ஏறினார்கள். அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதால் இந்த எண்ணை அப்படியே விழுங்கவும் மாட்டேன். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 பேரோடு நடந்து 2017இல் வெளியான ‘அட்டெண்ட்’ சோதனையில், வீட்டாருக்குப் பயிற்சிமுறையைக் கற்றுக்கொடுத்து அனுப்பியதால் மட்டும் எந்தப் பலனும் இல்லை. இரு தரப்பிலும் 47 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் இறந்திருந்தார்கள் அல்லது பிறர் தயவில் இருந்தார்கள். பயிற்சி என்று பெயர் வைத்தால் போதாது. அளவும் செறிவும் இருக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி நிற்கிறது. இரு அரைக்கோளப் போட்டி என்ற தராசுக் கோட்பாடு பக்கவாதக் கை முடக்கத்துக்கு விளக்கமாகத் தேறவில்லை. மூன்று மாதம் தாண்டியவர்களுக்கு மூளையின் கிளர்வுநிலையைக் காந்தத்தாலோ மின்சாரத்தாலோ ஏற்றி இறக்கும் சிகிச்சை, நல்ல பயிற்சிக்கு மேல் எதையும் சேர்க்கவில்லை என்று பெரிய சோதனைகள் ஒரே குரலில் சொல்கின்றன. மருந்துவழி உசுப்பலும் அப்படியே. ஃபுளுவாக்செடின் விஷயத்தில் தீங்கும் உண்டு. அளவுகோல் என்ற முறையில் கிளர்வுநிலை மதிப்புள்ளது, மேலும் பரவலாகப் பயன்படத் தக்கது.

காந்தத் தூண்டலைப் பொறுத்தவரை முதல் மூன்று வாரங்கள் இந்தத் தீர்ப்புக்கு வெளியே நிற்கின்றன. அங்கே கேட்க வேண்டிய சோதனை எதுவென்று தெளிவாகவே இருக்கிறது: பி-ஸ்டார்ஸின் அதே நெறிமுறை, பல மையங்கள், சில நூறு நோயாளிகள், சேர்க்கும்போதே டி.எம்.எஸ். அலை உண்டா இல்லையா என்று பிரித்துக் குலுக்கல். 9.6 புள்ளியில் பாதியாவது அதில் மிஞ்சினால் மேலே எழுதியதில் ஒரு பகுதியை அடித்துத் திருத்த வேண்டிவரும். எட்டு மாதம் கழிந்த நோயாளியின் குடும்பத்திடம் இருபது அமர்வுக்கு முன்பணம் கேட்கும் மையத்துக்கு, அந்தச் சோதனை வென்றாலும்கூட, அதைச் சான்றாகக் காட்டும் உரிமை கிடையாது.